திருப்பிப் போட்ட மீன்

1946 மார்ச் 9, சனி. மயிலாப்பூர்.

நாளை அண்ணனும் அண்ணியும் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறுவதாக இருந்தது. வழியனுப்ப நைனா முழுக் கொடுவா மீனை இஞ்சி போட்டு ஆவியில் அவித்தார். மேல்பக்கம் தீர்ந்ததும் அண்ணி மீனைத் திருப்பிப் போட்டாள். பயணத்துக்கு முன் மீனைத் திருப்பினால் கப்பல் கவிழும் என்பது எங்கள் சீன வீட்டு நம்பிக்கை. நைனா விட்ட அறையில் அவள் உதடு கிழிந்து ரத்தம் சோற்றில் சொட்டியது.

"ஸ்வீடன்லேர்ந்து வந்தவளுக்கு இன்னா தெரியும்னு அடிக்கிறே?" என்று அண்ணன் நைனாவின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். அப்போதே அவளைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டான்.

திருப்பச் சொன்னது நான்தான். சகுனம் கெட்டால் நைனா பயணத்தை நிறுத்திவிடுவார் என்று நம்பினேன். இந்த மனிதரிடம் என்னைத் தனியே விட்டுப் போகாதே என்று அண்ணனிடம் வாய்விட்டே கேட்டிருக்கலாம்.

அடுத்த அறையிலிருந்து நைனா என்னைக் கூப்பிடுகிறார்.