ஒன்பது இரண்டு, கழிப்பறை இல்லை

அண்ணே, இன்று காலை பேனா எழுதவில்லை. வாசகர் பதிவேட்டோடு சேர்த்து சணல் கயிற்றில் நீங்கள் கட்டி வைத்தீர்களே, அதே பேனாதான். மார்கழிக் குளிருக்கு மை இறங்காமல் தாளைக் கீறிக்கொண்டே போனது. நீங்கள் செய்வது போல உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினேன். முனையில் வாய் வைத்து ஊதினேன். அப்போதுதான் உங்கள் மூக்குப்பொடி வாசனை வந்தது. நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. இன்னும் இந்தப் பேனாவை விட்டு அது போகவில்லை.

வாசனை வந்ததும் அழுகை வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. காரணத்தைக் கடைசி வரை கேளுங்கள். உயிரோடு இருந்தபோது நான் பேச ஆரம்பித்தால் நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வீர்கள். இப்போது அதற்கு வழியில்லை.

அலங்காநல்லூர் பஸ்ஸில் இருபத்தெட்டு வருடம் கண்டக்டராக நின்றே காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரமே இந்த ஒற்றை அறை நூலகத்துக்கு வந்து உட்கார்ந்தீர்கள். நான் ஒன்பது மணிக்கு வருவேன். துருப்பிடித்த பூட்டோடு மல்லுக்கட்டி கதவைத் திறக்க இரண்டு நிமிடம் பிடிக்கும். குரங்குக் குல்லாவும் மப்ளருமாக வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உள்ளே வந்ததும் பதிவேட்டில் நேரம் என்ற கட்டத்தில் 9.02 என்று எழுதுவீர்கள். ஒருநாளாவது ஒன்பது என்று போட்டால் என்ன என்று கேட்டேன். ஏறின ஸ்டாப்பைத்தான் எழுத முடியும் என்றீர்கள்.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, ஊரில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை. நீங்கள் தினமும் எழுதினீர்கள். கழிப்பறை இல்லை. மறுநாளும் கழிப்பறை இல்லை. மூன்று வருடம் ஒரு நாள் விடாமல் அதே இரண்டு வார்த்தை.

மாதாமாதம் பதிவேட்டின் நகல் மேலே போகும். ஒருநாள் மேலிருந்து எனக்கு மெமோ வந்தது. வாசகரின் குறையை நூலகர் ஏன் தன் அளவிலேயே தீர்த்து வைக்கவில்லை என்று கேட்டிருந்தார்கள். நான் என்ன செங்கல் சுமந்து கட்டவா முடியும்? அந்தத் தாளை உங்கள் முன்னால் போட்டு, என் பிழைப்பில் ஏன் இப்படி மண் அள்ளிப் போடுகிறீர்கள் என்று கத்தினேன். படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். நீங்கள் மெமோவை முழுதாகப் படித்து, மடித்துக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னீர்கள்.

"ஏத்தா, நான் ஆம்பள. கம்மாக்கரைப் பக்கம் ஒதுங்கிட்டு வந்துருவேன். நீ எங்கிட்டுப் போவ?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இவர் ஏன் இதையெல்லாம் கவனிக்கிறார் என்று கூடுதலாகக் கோபம் வந்தது. பத்து நாள் உங்களோடு பேசவில்லை. அந்தப் பத்து நாளும் 9.02க்கு வந்து அதே இரண்டு வார்த்தையை எழுதினீர்கள்.

நீங்கள் கேட்டது சரிதான் என்று அப்போது சொல்லவில்லை. காலையில் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் அதன் பிறகு சாயங்காலம் வரை நான் குடிப்பதில்லை. முடியாத நாளில் எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் எருமைக் கொட்டத்துக்குப் பின்னால் வைத்திருக்கும் தகர மறைப்புக்குப் போவேன். அவள் வாய் சும்மா இருக்காது. அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்க நாலு பெண் பிள்ளைகள் வருகிறார்கள். பதினொரு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மார்கழி, தையில் குளிருக்குப் பத்தரைக்கே நெளிய ஆரம்பிப்பார்கள். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. அவர்களும் சொல்வதில்லை. வாய்விட்டு எழுதியது நீங்கள் ஒருவர்தான்.

ஆவணியில் நெஞ்சுவலி என்று உங்களை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வண்டியில் படுத்தபடி வந்தீர்கள். துக்கம் கேட்டுவிட்டு வந்து மறுநாள் கதவைத் திறந்தேன். பதிவேட்டில் முதல் வரி காலியாக இருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை அண்ணே. அதோடு, ஆள் குறைந்த நூலகங்களை அரை நாளாக்கப் போகிறார்கள் என்று வேறு பேச்சு அடிபட்டது. உங்கள் பெயரை எழுதினேன். 9.02 போட்டேன். வால் நீண்ட உங்கள் கையெழுத்தையும் போட்டேன். குறிப்புக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டேன். மறுபடி மெமோ வந்தால் யார் பதில் சொல்வது? அப்படியே தினமும் பழகிப்போனது. இன்று காலை பேனாவை ஊதி எழுதியதும் உங்கள் பெயரைத்தான்.

எழுதி மை காயவில்லை, வாசலில் ஜீப் வந்து நின்றது. மதுரையிலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி. என்னைவிடப் பத்து வயது சிறியவள், சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி இறங்கினாள். பரவை மார்க்கெட் பக்கம் காய்கறி லாரிகளுக்குள் சிக்கி ஒரு மணி நேரம் வீணாய்ப் போனதாம். பதிவேட்டைப் புரட்டியவள் உங்கள் பெயரில் விரலை வைத்தாள்.

"இவர் பேரு எனக்குத் தெரியும். தினமும் ஒரே புகார் எழுதுவாரு. அவரு புகாரை வச்சுத்தான் ஃபைல் மதிப்பீடு வரைக்கும் போயிருந்துச்சு. இப்ப நாலு மாசமா ஒண்ணுமே எழுதல. வந்துட்டுப் போறவரே எழுதலைன்னா சரி பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். ஃபைல முடிச்சாச்சு."

மதிப்பீடு வரைக்கும். கேட்டீர்களா? நீங்கள் எழுதியது குப்பைக்குப் போகவில்லை. மேசை மேசையாக ஏறி, எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்ட் என்று போடும் இடம் வரை போயிருக்கிறது. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுப் போட்டே அதைக் கீழே இறக்கியிருக்கிறேன்.

டீ வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் கழிப்பறை போகும். அவள் டீயைக் குடித்துவிட்டு இருப்புப் பதிவேட்டைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், பிறகு எழுந்து சங்கடமாகச் சிரித்தபடி ரெஸ்ட் ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்தது. வாங்க மேடம் என்று தெருவைத் தாண்டிக் கூட்டிப்போனேன். எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ரெண்டு பேரா?" என்றாள்.

திரும்பி வரும்போது அதிகாரி தெருவிலேயே நின்றுவிட்டாள். இங்கே இன்னும் கட்டவேயில்லை என்றால் அந்தப் பெரியவர் எழுதுவதை ஏன் நிறுத்தினார் என்று கேட்டாள்.

"அவரு செத்துப் போயிட்டாரு மேடம். நாலு மாசமா நான்தான் எழுதுறேன்."

வாடிவாசலுக்குப் பழக்க யாரோ ஒரு காளையைச் சலங்கை குலுங்க நடத்திப் போனார்கள். ஒதுங்கி வழிவிட்டோம். பிறகு எழுத்துப்பூர்வமாக விளக்கம் கொடுங்கள் என்றாள். ஃபைல் என்ன ஆகும் என்றேன். முடித்தது முடித்ததுதான், புதிதாகப் புகார் வந்தால் புதிதாக ஆரம்பிக்க வேண்டும் என்றாள். குரலில் கடுமை இல்லை. அதற்காக எனக்கு எரிச்சல் குறையவுமில்லை.

ஜீப் போனதும் அந்த நாலு பெண்களிடம் பதிவேட்டை நீட்டினேன். ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள் என்றேன். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "போங்கக்கா, இதையெல்லாமா எழுதுவாக? எங்கப்பா பாத்தா வைவாரு" என்றாள் மூத்தவள். மணி பார்த்தேன், பத்து ஐம்பது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர்களைத் திட்டி என்ன செய்ய? நாற்பத்தாறு வயதில் எனக்கே எழுத வரவில்லை. எனக்கு வேண்டியதை நீங்கள் கேட்டீர்கள். அதற்காக உங்களோடு சண்டை போட்டேன். செத்த பிறகு உங்கள் பெயரை வைத்துக்கொண்டு உங்கள் பேச்சை எடுத்துவிட்டேன். மூன்று வருடம் ஒரு மனுஷன் எழுதியதை நாலே மாதத்தில் இல்லாமல் ஆக்கிவிட்டேனே, எம்புட்டுப் பெரிய கோழை நான்.

விளக்கக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். வாசகர் இறந்தது உண்மை, கையெழுத்து நான் போட்டது உண்மை, கழிப்பறை இல்லாததும் உண்மை என்று எழுதியிருக்கிறேன். மன்னிக்கவும் என்று உங்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்களிடம் கேட்கவில்லை.

பிறகு பதிவேட்டை எடுத்தேன். காலையில் எழுதிய உங்கள் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தேன். அடுத்த வரியில் என் பெயரை எழுதினேன். ஊழியர் அதில் எழுதக் கூடாது என்று விதி இருக்கிறதாம், இருக்கட்டும். நேரம் 12.40. குறிப்பு என்ற கட்டத்தில், உங்கள் கையெழுத்தின் சாடை இல்லாமல், என் கோணல் எழுத்தில் எழுதினேன்: கழிப்பறை இல்லை.

நாளைக்கு 9.02 போடுவேன், அண்ணே. உங்கள் வாயை நான் அடைத்தேன். என் வாயை எவர் வந்து அடைக்கிறார் என்று பார்க்கிறேன்.