சீக்கிரம் இறங்கும் சார்ஜ்

9.2.2010, செவ்வாய் இரவு
அண்ணாமலை நகர் விடுதி

தூக்கம் வரவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு, என்னைக் கட்டிக்கொள்ளப்போகும் செந்தில் மாமா கொடுத்த அவருடைய பழைய லேப்டாப்பில் சார்ஜ் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. கரண்ட் போனால் என் ஆய்வேடும் அப்படியே நின்றுவிடுகிறது. யாரிடமும் சொல்லாமல் இன்று மதியம் சிதம்பரத்தில் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன்.

கடைக்காரர் நெட்டை இணைத்து வெகுநேரம் நோண்டினார்.

"பேட்டரி பழசுதான் மேடம். ஆனா இவ்ளோ வேகமா எறங்காது. உள்ள ஒரு புரோகிராம ஒளிச்சி வச்சிருக்காங்க. நீங்க ஆஃப் பண்ணா ஸ்கிரீன்தான் அணையுது, அது ஓடிக்கிட்டே இருக்கு. கேமரா, மைக் ரெண்டும் அது கையிலதான். இத யாரு குடுத்தது?"

அழித்துவிடவா என்று கேட்டார். அழித்தால் மாமாவுக்குத் தெரிந்துவிடுமே என்று பயம். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ் ஏறுவதற்குள் பெங்களூரிலிருந்து மாமா போன் செய்தார். குரலில் கோபமே இல்லை.

"கண்டவன்கிட்ட ஏன் புள்ள லேப்டாப்பக் குடுக்குற? பேட்டரிதானே, நான் வாங்கியாறேன்."

கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிட்டது என்று அம்மா காலையில்தான் சொன்னாள். முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்துவிட்டாளாம். அவளிடம் இதை எப்படி ஆரம்பிப்பது?

அரை மணி நேரத்துக்கு முன்னால் லேப்டாப்பை ஆஃப் செய்து, துண்டில் சுற்றி, தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். இப்போது பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தேன்.

சுடுகிறது.