வேனுக்குள் ஒரு புத்தக அலமாரி

அக்டோபர் 7, செவ்வாய்

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் மனைவி ஜோதியால் வழியோரக் கழிப்பறைகளைப் பயன்படுத்த முடியவில்லை. கோயம்புத்தூரில் மகள் ஜோவிதா வீட்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அதனால் பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, கழிப்பறை வைத்து கேரவனாக மாற்றுகிறோம். ராஜகீழ்ப்பாக்கத்தில் வண்டிகளுக்கு பாடி கட்டும் ஜெயவேலுவின் ஷெட்டில் வேலை. அவர் எதற்கும் முடியாது என்பதில்லை. அதுதான் உதைக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

வேனில் தீயணைப்பான் பளபளத்தது. ஜெயவேலுவைப் பாராட்டினேன்.

"அது வாடகை சார். எஃப்.சி. முடிஞ்சதும் திருப்பிக் குட்த்துருவேன்."

தகுதிச் சான்றிதழ் வாங்கும் நாளில் மட்டும்தான் தீப்பிடிக்குமா? சொந்தமாக ஒன்று வாங்கி மாட்டச் சொன்னேன்.

"இன்னா சார், இதுக்குப் போய் பேஜார் ஆவுறீங்க."

இந்த மனிதர் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

அக்டோபர் 18, சனி

வேனின் வரைபடத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வந்துவிட்டது. புத்தகங்களுக்கு அதில் இடமே இல்லை. படுக்கைக்கு மேல், ஜன்னலை ஒட்டி, ஓர் அலமாரி பொருத்தச் சொன்னேன். எட்டு போல்ட், அவ்வளவுதான்.

"பிளான்ல இல்லியே சார்" என்று ஜெயவேலு இழுத்தார். முதல்முறையாகத் தயங்குகிறார் — கூலியை ஏற்றத்தான்.

அக்டோபர் 28, செவ்வாய்

தகுதிச் சான்றிதழுக்காக பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வேனைக் காட்டினோம். டீ வேண்டாம் என்றார். டீயைவிடப் பெரிதாக எதிர்பார்க்கிறாரோ?

ஜோதியைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். "அம்மா, கதவுப் பக்கம் தீ. இப்ப எப்படி வெளிய வருவீங்க?"

அவசர வழி ஜன்னல்தான். ஜோதி கையை நீட்டினாள். அலமாரியும் என் புத்தகங்களும்தான் தட்டுப்பட்டன.

சான்றிதழ் இல்லை. ஜோதி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அக்டோபர் 29, புதன்

ஜெயவேலுவுக்கு போன் செய்தேன். "அலமாரியைக் கழட்டிக் காட்டிட்டு, அப்புறம் மாட்டிக்கலாமா?" — நானா கேட்டேன்?

"இப்பத்தான் சார் நம்ம லைனுக்கு வந்துகினு கீறீங்க!"

ஜோதி பக்கத்து அறையில் இருந்தாள். காதில் விழுந்திருக்குமோ?

அக்டோபர் 31, வெள்ளி

சான்றிதழ் கிடைத்தது.

நவம்பர் 1, சனி

வேன் செம்பாக்கம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. செவ்வாயன்று புறப்பாடு. அலமாரியை மாட்ட ஜெயவேலு வந்தார். போல்ட்களைக் காணோம்.

"இந்த டப்பாலதான் சார் போட்டேன். நடந்தா போய்க்கும்?"

நன்றாக நடிக்கிறார். புது போல்ட்டோடு திங்கட்கிழமை வரச் சொன்னேன். ஜோதி தேட வரவில்லை. என் மூக்குக்கண்ணாடியைக்கூட அவள்தான் தேடித் தருவாள்.

நவம்பர் 2, ஞாயிறு

ஆலயத்தில் காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வந்தது. ஜோதி கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டைக்கு அடியில் எட்டு போல்ட்.

அவள் மூடி மறைக்கவில்லை. நான் தலை குனிந்தேன். ஜெபம் என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே வந்ததும் ஜெயவேலுவை அழைத்தேன். நாளைக்கு வர வேண்டாம் என்றேன்.

"போல்ட்டு கெட்ச்சிதா சார்? எங்க இருந்திச்சு?"

"பத்திரமா இருக்கு."