என் பேரில் ஒரு மீன்

ஞாயிறு இரவு

இந்தக் கோணல் எழுத்துக்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது? போன வருடம்தான் எழுதப் பழகினேன்.

கடலோரத்தில் மீன் ஆராய்ச்சி செய்யும் மகள், நகத்தளவு புது மீன் ஒன்றைக் கண்டுபிடித்து என் பேரை வைத்திருக்கிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனைவிக்கோ மகள் பெருமையை ஊரெல்லாம் சொல்ல ஆசை. ஆனால் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள்.

இன்று போனில், "வேற பேர் வையி சாமி" என்று கெஞ்சினாள்.

"அச்சுல வந்துடுச்சு, இனி நானே மாத்த முடியாதும்மா" என்றாள் மகள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி மீனின் பேரைக் கேட்டாள். மனைவி என் கையைப் பிடித்து இழுத்து வந்து, "நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"பழனியப்பன் மீனுங்க" என்றேன்.

அடுத்த வாரம் மைத்துனன் வீட்டுக் கல்யாணம். அவள் பக்கத்தைவிட்டு நான் நகர முடியாது. தப்பித்து வந்தால் எழுதுகிறேன்.