சோழபுரத்துக் கேஸ்

ராஜபாளையம்
14-2-1943

அன்புள்ள அக்காவுக்கு,

சௌதா எழுதுகிறேன். நீங்களும் மச்சானும் சுகமாக இருக்க துவா செய்கிறேன்.

நேற்று நம் நர்சுகள் சங்கக் கூட்டத்தில் நான் பாதியில் எழுந்து போனது பஸ்ஸுக்கு நேரமானதால் அல்ல. செயலாளரான நீங்கள், “சோழபுரத்தில் ஒரு தலைப்பிள்ளைக்காரி” என்று ஆரம்பித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் கால் வீங்கியிருந்ததையும், தலைவலி, கண் மங்கல் என்று சொல்லியும் நர்சு மூத்திரத்தைக் காய்ச்சி, திரிகிறதா என்று பார்க்காமல் விட்டதையும், பிறகு ஜன்னி கண்டு தாயும் பிள்ளையும் போனதையும் விவரமாகச் சொன்னீர்கள். பெயரைச் சொல்லவில்லை. சோழபுரத்துக்குப் போகிற நர்சு நான் ஒருத்திதானே. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று காய்ச்சிப் பார்க்கிற விளக்குக்கு ஸ்பிரிட் இல்லை. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. உங்கள் வீட்டில், உங்கள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, உங்களிடம் மட்டும் சொல்லி அழுதேன். சங்கத்திடம் சொல்லவில்லை அக்கா.

இங்கே ஓயாத பிரசவம். உட்கார நேரமில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

சௌதா


ஸ்ரீவில்லிபுத்தூர்
19-2-1943

என் பிரியமான தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியிலேயே படித்தேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் கை ஓடவில்லை.

நம் கூட்டங்களை நீ அறிவாய். தேநீர் குடிப்போம், நல்லபடியாக முடிந்த கேஸ்களைச் சொல்லிக்கொள்வோம், கலைந்து போவோம். கெட்டுப்போனதை யாரும் சொல்வதில்லை. கூட்டத்துக்குச் சற்று முன்னால் என் வார்டிலும் ஒருத்தி ஜன்னியில் போனாள். கொண்டுவரும்போதே நினைவில்லை. அவளையும் முன்பே எவளோ ஒரு நர்சு பார்த்திருக்கிறாள், கால் வீக்கம் சகஜம் என்று அனுப்பியிருக்கிறாள். அந்தக் கோபத்தில்தான் எழுந்து பேசினேன்.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. இதை மறைத்து எழுத எனக்குத் தெம்பில்லை.

உன் மச்சான் வேதசிரோமணி உன்னை விசாரித்தார்கள்.

உன் அக்கா,
தேவகிருபை


ஸ்ரீவில்லிபுத்தூர்
2-4-1943

சௌதாவுக்கு,

போன மாதக் கூட்டத்துக்கு நீ வரவில்லை. கடிதமும் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று ராஜபாளையத்திலிருந்து வந்தவர்களிடம் கேட்டேன். நன்றாக இருக்கிறாய் என்றார்கள். சந்தோஷம்.

எனக்குக் கால் வலி அதிகம். நின்று நின்று வந்தது. செயலாளர் வேலையை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் தேவலை என்றிருக்கிறது. உனக்கு நேரமிருக்கும்போது ஒரு கார்டு போடு. திட்டியாவது எழுது.

தேவகிருபை


ராஜபாளையம்
9-5-1943

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். கோபமாக எழுதவும் வரவில்லை, கோபமில்லாமல் எழுதவும் வரவில்லை.

போன வாரம் தளவாய்புரம் நர்சு அன்னத்தாய், செல்லத்தாய் என்ற பிள்ளைத்தாய்ச்சியை வண்டியில் படுக்கவைத்து இங்கே எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். காலும் முகமும் வீங்கியிருந்தன. டாக்டரம்மா மருந்து கொடுத்து, வெளிச்சம் படாத அறையில் படுக்க வைத்தார். வேறு யாரையும் விடாமல் நானே கூட இருந்தேன். ஜன்னி வராமல் நல்லபடியாகப் பிரசவமானது. பெண்பிள்ளை, சின்ன உருவம், நன்றாக அழுகிறது.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அன்னத்தாயிடம் கேட்டேன்.

“யக்கா, தலை வலிக்குன்னு அந்தப் புள்ள சொல்லவும் ஒங்க மொகந்தான் வந்துச்சு. அன்னைக்குக் கூட்டத்துல எந்திரிச்சுப் போனீகளே, அந்த மொகம். ஒடனே காய்ச்சிப் பாத்தேன், தயிரு கணக்காத் திரிஞ்சிருச்சு” என்றாள்.

ஆகவே நீங்கள் பேசியது வீண் போகவில்லை. இதை உங்களுக்குச் சொல்லாமல் இருப்பது பாவம் என்றுதான் எழுதுகிறேன். அந்தப் பிள்ளையைத் தூக்கும்போது உங்களுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. கீழே வைத்ததும் மனசு பழையபடி ஆகிவிட்டது.

அடுத்த கூட்டம் இங்கேதான். சோழபுரத்துக் கேஸை நானே எழுந்து சொல்கிறேன், என் பெயரோடு. ஸ்பிரிட் இல்லாததையும் சொல்கிறேன். செயலாளர் வேலையை விட்டுவிடாதீர்கள். உங்களைப் போல் அதைச் செய்ய இங்கே ஆளில்லை.

அன்று இரவு நீங்கள் அன்னத்தாய் வீட்டில் தங்குவதற்கு அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். யாராவது கேட்டால், என் வீட்டில் இடமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உங்களிடம் பொய் சொல்ல வேண்டாமே அக்கா. இடமிருக்கிறது. முன்போல் உங்கள் பக்கத்தில் படுத்தால் எனக்குப் பேச்சு வராது.

கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுங்கள்.

சௌதா