இதுவரைக்கும் சத்தமாக

ரிபெரால்டா,
ஜனவரி 19 ஞாயிறு தொடங்கி 22 புதன் வரை எழுதியது.

அன்பு மகன் எலிசேயோவுக்கு, அப்பா காசிமீரோ எழுதுவது. நான் சொல்லி வேறொருவர் எழுதியது அல்ல, நானே எழுதுவது. பிலெமோன், நீங்கள் இந்த இடத்தில் நிறுத்தி, காகிதத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டவும். முகாமுக்கு வருகிற கடிதங்களைப் பொழுது சாய்ந்ததும் கொட்டகையில் முகாம் மேஸ்திரியான நீங்கள்தான் உரக்கப் படிக்கிறீர்கள் என்று தெரியும். நானும் முப்பத்தொரு பருவம் அந்தக் காட்டில் காஸ்தான்யாக் கொட்டை பொறுக்கி, அந்த மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டவன்தான்.

எலிசேயோ, எழுத்து எனக்கு உன் மகளால் வந்தது. செவ்வாயும் வெள்ளியும் சூல்மாவுக்காக ரூத் டீச்சர் வீட்டுக்கு வருகிறாள். அட்டையில் பெரிய பெரிய எழுத்து. சூல்மாவுக்குக் கழுத்து நிற்காது அல்லவா, நான் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்வேன். டீச்சர் இரண்டு அட்டை காட்டி எது என்று கேட்பாள். சூல்மா கண்ணால் காட்டுவாள். எனக்கும் பார்க்க வேறு எதுவும் இல்லை. ஐந்து மாதம் அப்படி உட்கார்ந்ததில் எழுத்து உள்ளே இறங்கிவிட்டது.

ஒரு நாள் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு பலகை, 'பன்றிக்கறி உண்டு' என்று சொன்னது. நான் உள்ளே போய்க் கடைக்காரியிடம் அதைச் சொன்னேன். "தாத்தா, அந்தப் பலகை பத்து வருஷமா அங்கதான தொங்குது" என்றாள். "எனக்கு இன்னைக்குத்தான் தொங்குது" என்றேன். கறி வாங்கவில்லை. பலகையை இன்னொரு முறை படித்துவிட்டு வந்தேன்.

இங்கே மழை. ஆறு படித்துறையில் மூன்றாம் படிவரை வந்து நிற்கிறது. கூரையை நானே மாற்றினேன். கிழவன் எரால்டோ இன்னும் அங்கே இருந்தால் என் கத்தியைத் திருப்பித் தரச் சொல். தான் செத்த பிறகுதான் தருவேன் என்றானாம். அவன் எனக்கு நான்கு வயது மூத்தவன். எல்லாரும் காய் விழும் நேரத்தில் மரத்தடியில் நிற்காதீர்கள்.

பிலெமோன், இதுவரைக்கும் சத்தமாக. இதற்குமேல் என் மகனைத் தனியாக ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய் அவன் காதுக்கு மட்டும் படிக்க வேண்டும். ஆட்கள் கேலி செய்தால் செய்யட்டும். அவனுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

எலிசேயோ, உன் மனைவி டெல்மிரா எழுந்து நடப்பதில்லை. இப்போது வந்த நோய் அல்ல, நீ போகும்போதே இருந்திருக்கிறது. கருப்பையில் புற்று. நவம்பரில் சாந்தா குரூஸுக்கு அழைத்துப் போனேன். அங்கே பார்த்த டாக்டர்கள், வெட்டி எடுக்கும் நிலையைத் தாண்டிவிட்டது என்றார்கள். திரும்பி வரும் பேருந்தில் அவள் ஜன்னலோரம் கேட்டாள். கொடுத்தேன். வழி முழுக்கத் தூங்கினாள்.

இதையெல்லாம் உனக்கு எழுது என்று நான் அவளிடம் சொன்னேன். எழுதினாள், மடித்தாள், படகில் கொடுத்தேன். என்ன எழுதினாய் என்று போன வாரம்தான் கேட்டேன். "கோழி அடைகாக்குதுன்னு எழுதினேன் மாமா" என்றாள். "இருபது ஆம்பளைங்க காப்பி குடிச்சிக்கிட்டே கேக்குற கடுதாசியில என் அடிவயித்தப் பத்தி எழுதச் சொல்றீங்களா? அவரு மார்ச்சுல வந்து பாத்துக்கட்டும்." அந்தக் கொட்டகையில் அடுத்தவன் மனைவியின் கடிதத்தைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

இப்போது சூல்மாவின் சாப்பாடு. காஸ்தான்யாப் பாலில் மரவள்ளி மாவு கரைத்துத்தான் கொடுக்கிறோம், முன்பு போலவே. டெல்மிரா தாடையின் கீழே இரண்டு விரல் வைத்து எங்கோ ஒரு இடத்தில் அழுத்துகிறாள், அப்போதுதான் உள்ளே போகிறது. அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை. நான் அழுத்தினால் புரையேறுகிறது. அம்மாவின் மணம் இருந்தால் சாப்பிடுவாள் என்று டெல்மிரா தன் மேலங்கியை எனக்கு மாட்டிவிட்டாள். "மாமா, இந்த அழகுக்கு உங்களுக்கு ரெண்டாம் கல்யாணமே பண்ணலாம்" என்றாள். சூல்மா என் தாடியைப் பார்த்துச் சிரித்தாள். கரண்டியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

அதனால் சூல்மாவைக் கட்டிலில் டெல்மிராவின் பக்கத்தில் படுக்க வைக்கிறேன். கரண்டி என் கையில், தாடை அவள் விரலில். ஒரு கிண்ணம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. நேற்று பாதியில் டெல்மிராவின் விரல் நழுவிவிட்டது. மூன்று முறை வைத்துப் பார்த்தாள். பிறகு கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். நான் கிண்ணத்தைக் கழுவினேன். பிறகு கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தேன். ஒழுகவில்லை.

போன ஈஸ்டருக்கு உன் கையால் சூல்மா ஒரு முழுக் கிண்ணம் சாப்பிட்டாள். டெல்மிரா உன் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். உனக்கு மறந்திருக்கும். மறந்தாலும் பரவாயில்லை, அவள் இன்னொரு முறை வைப்பாள். அதற்கு அவள் விரலில் கொஞ்சம் பலம் இருக்கும்போது நீ வர வேண்டும்.

இந்தக் கடிதம் வரும் படகு அங்கே ஓரிரவு நிற்கும். அடுத்த படகு மூன்று வாரம் கழித்து. மூன்று வாரம் தாங்குவாளா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பேனாவை மூடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிலெமோன், பருவம் முடியாமல் ஆளை விடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். அவன் பங்குக் காட்டில் காயை நான் வந்து பொறுக்கித் தருகிறேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் இங்கே கரண்டி பிடிக்க ஆள் இல்லை. படித்து முடித்ததும் அவனைப் படகில் ஏற்றிவிடுங்கள். உங்களுக்கும் மகள்கள் உண்டு.

நான் எழுதுவதைப் பார்த்து டெல்மிரா என்னவென்று கேட்டாள். சூல்மாவின் வீட்டுப்பாடம் என்றேன். "அவ கையெழுத்தே இதைவிட நல்லா இருக்கும்" என்றாள்.

மாதா உன்னை ஆற்றுவழியில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், மகனே. காய் வெட்டி வெட்டி உன் நகம் கறுத்து நீண்டிருக்கும். சூல்மாவின் தோல் மெல்லியது. வரும்போது படகிலேயே நகத்தை ஒட்ட வெட்டிவிடு.

உன் அப்பா,
காசிமீரோ