வராத காய்ச்சல்

அன்புள்ள சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அண்ணன், அண்ணி எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. தினமும் போனில் பேசுகிற அப்பாவுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிட்டதும் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள், தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை. தனியாகப் பேசினாலும் நான் கத்திவிடுவேன், என் வாய் உனக்குத் தெரியாததா. அதனால்தான் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

அண்ணிக்கு ஏழாம் மாதம், கால் லேசாக வீங்கியிருக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. அவர்கள் குடியிருக்கும் கட்டடத்து லிப்டை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அது நான் பராமரிக்கிற லிப்ட் இல்லை, வாட்ச்மேன் முறைத்தான், முறைத்துவிட்டுப் போகட்டும். அம்மா உன் படத்தைத் தையல்கடை வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். எம் பொண்ணு சீட்டு எழுதிக் குடுத்தாத்தான் அங்க டாக்டரே பாக்க முடியும், சம்பளம் கூட வாங்காம செய்றா என்று அவள் அளந்துகொண்டிருந்தாள், தையல்காரர் கழுத்தில் டேப்போடு பாவம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வியாழக்கிழமையிலிருந்து நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. நேற்று ஸ்பானரை லிப்டுக் கூரை மேலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன், பாதித் தெரு போனபிறகு ஞாபகம் வந்து ஓடினேன். இத்தனை வருஷத்தில் இப்படிச் செய்ததே இல்லை.

வியாழக்கிழமை என்ன நடந்தது என்று சொல்கிறேன். மோட்டார் அறையில் வேலையாக இருந்தபோது வெளிநாட்டு நம்பரிலிருந்து போன். எனக்கு உயிரே போய்விட்டது. நீ தொண்டு செய்யும் இலவச ஆஸ்பத்திரியின் மேற்பார்வையாளர் அம்மாள் பேசினார், அவசரத்துக்கு என்று நீ கொடுத்திருந்தது என் நம்பராம். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் லிப்டுக்குள் எழுதியிருக்கிற ஆங்கிலம்தான், ஆனாலும் புரிந்துவிட்டது. உங்கள் மகளுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது, ஒன்பது நாளாக வரவில்லை, போனையும் எடுக்கவில்லை, இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அதற்கு முந்தின நாள்தானே நீ எங்களிடம் அறுபது பேருக்குப் பெயர் பதிந்தேன், கை வலிக்கிறது என்றாய். எந்தக் காய்ச்சல் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா? காய்ச்சல் விட்டுவிட்டது, தொண்டைக்கட்டுதான் இன்னும் இருக்கிறது என்று சொன்னேன். நீ சொன்ன பொய்க்கு நான் என் பங்குக்கு ஒரு வியாதியைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். இன்னொன்றும் அவர் சொன்னார். நீ கடைசியாகப் போன அன்று, வரிசை மாற்றி ஆளை அனுப்பியதற்காக எல்லார் முன்னாலும் உன்னைப் பார்த்துக் கத்தினாராமே ஒரு நோயாளிப் பெரியவர், அவர் வாரத்துக்கு ஒருத்தரையாவது கத்துவாராம், அந்த அம்மாளையே இரண்டு தடவை கத்தியிருக்கிறாராம்.

மதிய இடைவேளை என்று நீ கூப்பிடும்போதெல்லாம் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. ஆஸ்பத்திரிக்குள் பஸ் எப்படி வரும் என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் நானும் அதைச் செய்தவன். உனக்கு மூன்று வயதில் நான் லிப்ட் பொருத்தும் வேலைக்கு வெளிநாடு போனது உனக்குத் தெரியும், கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று நாற்பத்தொரு நாளில் திரும்பி வந்ததும் தெரியும். கம்பெனி மூடவில்லை. இன்றைக்கும் பாவம் நன்றாகத்தான் நடக்கிறது. என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, வேலையும் கைக்குத் தெரிந்த வேலைதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருத்தரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். கடைசி பத்து நாள் சீருடையை மாட்டிக்கொண்டு அறையிலிருந்து கிளம்பி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டு, எல்லாரும் திரும்புகிற நேரத்துக்குத் திரும்புவேன். ஊருக்கு வந்ததும் அம்மா ஏன் என்று கேட்டாள், என் வாயில் அந்தப் பொய் வந்தது. எம் புருஷன நடுத்தெருவுல விட்ட பாவிங்க என்று இன்றைக்கும் அந்தக் கம்பெனியைச் சபிக்கிறாள். நான் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வேலையை வாங்கித் தந்தவன் என்னோடு படித்தவன். போலிக் கம்பெனிக்கு ஆள் அனுப்புகிறான் என்று ஊரில் அவனுக்குக் கெட்ட பெயர் வந்தது. உண்மை அவனுக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவன் எதிரே வந்தால் நான் தெருவைக் கடந்து போய்விடுவேன். தன் மகள் கல்யாணப் பத்திரிகையை வீடு தேடி வந்து என் கையில் கொடுத்தான், போகவில்லை. என்ன காரணம் சொன்னேன் தெரியுமா? காய்ச்சல்.

நீ அங்கேயே இரு என்றோ கிளம்பி வா என்றோ நான் சொல்ல மாட்டேன். வந்தால் நானே விமான நிலையத்துக்கு வந்து நிற்பேன், யார் என்ன பேசினாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறாய் என்றால் திங்கட்கிழமை போய் அந்த அம்மாளிடம் காய்ச்சல் இல்லை, பயமாக இருந்தது என்று சொல். இரண்டில் எது செய்தாலும் எனக்குச் சம்மதம், பஸ் நிறுத்தத்தில் மட்டும் உட்காராதே அம்மா. அதை நினைத்தால் என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. என்னுடையதை இன்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லப் போகிறேன். உன்னுடையதை நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்ல வேண்டும்.

அறை ஜன்னலைப் பகலில் கொஞ்ச நேரமாவது திறந்து வை. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, நிஜமாகவே காய்ச்சல் வந்துவிடப் போகிறது. எங்கே இருந்தாலும் உனக்கு நல்லதே நடக்கும், நடக்க வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா

பின்குறிப்பு: சொல்லிவிட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையைப் பிரித்துப் பிரித்து மூன்று தடவை மடித்தாள், எழுந்து உள்ளே போய்விட்டாள். தொலைந்தேன் என்று நினைத்தேன். திரும்பி வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அந்த நாப்பத்தொரு நாளும் ஒழுங்கா சாப்பிட்டீங்களா இல்லியா என்று. உன்னிடமும் அதையேதான் கேட்பாள். பதிலை இப்போதே யோசித்து வைத்துக்கொள்.